கரை மறைத்த காற்று

காலையில் கரையில் நின்று மூத்தவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அன்றைய கடல். அந்தத் தொழிலில் அவர்கள் வைத்திருந்த ஒரே சட்டம் அது. முன்னால் போகிறவள் காற்றைப் பார்த்துப் போகலாம் என்றால் போகலாம், வேண்டாம் என்றால் வேண்டாம். ஏன் என்று கேட்கக்கூடாது. வந்த விருந்தாளிகள் கேட்கலாம், அவர்களிடம் சிரித்து மழுப்பிவிடலாம். கூட வேலை செய்கிறவள் கேட்கக்கூடாது. கரையிலேயே இரண்டு பேர் வாக்குவாதம் பண்ணிக்கொண்டு நின்றால் அப்புறம் தண்ணீரில் யார் சொல்வதை யார் கேட்பார்கள்? சட்டத்தைப் போட்டவளும் மூத்தவள்தான்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் தொழில். ஊரிலிருந்து வருகிறவர்களைக் கயாக்கில் உட்கார வைத்து, துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, தீவு தீவாகக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். மூத்தவள் முன்னால் போவாள், சின்னவள் கடைசியில் வருவாள். மூத்தவளின் புருஷன் கரையோரக் கொட்டகையில் படகுகளின் ஓட்டை உடைசலை அடைத்துக்கொண்டிருப்பார். "மாமாவுக்குப் படகை ஒட்டத் தெரியும், ஓட்டத் தெரியாது" என்பாள் சின்னவள். அவளுடைய புருஷன் சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் ஃபோனில்தான் குடும்பம் நடத்துகிறவன்.

"ஓரகத்திங்க ஒரே சமையலறையில நின்னாலே ஆகாதும்பாங்க. நீங்க என்னடான்னா ஒரே கடல்ல நிக்கிறீங்க" என்று பல் டாக்டர் வருஷா வருஷம் வந்து சொல்வார். அவர் பழைய விருந்தாளி. ஒவ்வொரு தடவையும் புது நகைச்சுவை என்று நினைத்துச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் சின்னவள் புதிதாகக் கேட்பவள் போலச் சிரிப்பாள். அவள் அப்படி. யாரையும் ஏமாற்றமாகத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வராது.

கரையை ஒட்டிச் சின்னச் சின்னத் தீவுகள். அவற்றுக்கு நடுவே தண்ணீர் முழங்கால் அளவிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை இருக்கும், அடியில் மணல் தெரியும், குழந்தையைக்கூட உட்கார வைத்துக் கூட்டிப்போகலாம். இந்த வரிசை மொட்டைப்பாறையோடு முடியும். அதற்கப்புறம் திறந்த கடல். அதை அவர்கள் அகலம் என்பார்கள். அகலத்தைத் தாண்டினால் வெளித்தீவு. குகையும் வெள்ளை மணலும் அங்கேதான். ஃபோட்டோவைப் பார்த்து ஊர் ஊராக ஜனங்கள் கிளம்பி வருவது அதற்காகத்தான்.

இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து மூத்தவள் ஒரு தடவைகூட அகலத்தைத் தாண்டவில்லை.

காற்று சரியில்லை என்றாள். இன்னொரு நாள் காற்று நன்றாக இருந்தது, நீரோட்டம் சரியில்லை என்றாள். இரண்டும் சரியாக இருந்த நாளில், தூரத்தில் மேகம் கட்டுகிறது என்றாள். கடலைப் பற்றிப் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடல் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. போகாமல் விட்ட நாளில் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவள் குரலில் இத்தனை வருஷத்துப் பழக்கம் இருந்தது. அந்தக் குரலை நம்பி எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிய தலைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்மேல் ஒரு கசப்பு ஊறியது. ஆனாலும் மறுநாள் காலையில் மறுபடியும் அதே குரல்தான் வந்தது.

போன பருவத்தின் கடைசியில், விருந்தாளிகள் எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, வெளித்தீவில் விட்டுவந்த தார்ப்பாயை எடுக்க அவள் தனியாகப் போனாள். திரும்பி வரும்போது அகலத்தில் கவிழ்ந்தாள். கவிழ்வது பெரிய விஷயமில்லை. உட்கார்ந்தபடியே உடம்பைச் சுழற்றிப் படகை நிமிர்த்துவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று நிமிரவில்லை. மறுபடி முயன்றாள், நிமிரவில்லை. சரி, வெளியே வந்துவிடலாம் என்று கையை நீட்டினாள்.

கயாக்கில் உட்காருகிறவர்கள் இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை மாட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் இறுக்கிக்கொள்வார்கள், தண்ணீர் உள்ளே வராமலிருக்க. பாவாடை என்றுதான் பெயர். முன்பக்கம் ஒரு வார் இருக்கும். கவிழ்ந்தால் அதைப் பிடித்து இழுக்க வேண்டும், பாவாடை கழன்றுகொள்ளும், ஆள் வெளியே வந்துவிடலாம். அந்த வார் வெளியே தொங்குகிறதா என்று ஒவ்வொரு விருந்தாளியின் மடியையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் படகைத் தள்ளிவிடுவாள். அன்று தன் மடியைப் பார்க்க ஆள் இல்லை. வாரை உள்ளே வைத்து மூடியிருந்தாள்.

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இல்லாத வாரைத் தேடித் தேடிக் கை தன் மடியையே பிறாண்டியது. எப்படியோ பக்கவாட்டில் நகத்தைக் கொடுத்து ரப்பர் விளிம்பை நெம்பிக்கொண்டு வெளியே வந்தாள். நகம் ஒன்று போயிற்று. கொட்டகைக் கதவில் நசுங்கிவிட்டது என்று புருஷனிடம் சொன்னாள். செத்திருப்பேன் என்பதைக்கூடச் சொல்லியிருப்பாள். வாரை உள்ளே வைத்து மூடிவிட்டேன் என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அதற்கப்புறம் அடி தெரியாத தண்ணீர் என்றால் பயம். மணல் தெரிகிற வரையில் பழைய மூத்தவள்தான். மொட்டைப்பாறையைத் தாண்டிக் கீழே நீலம் கறுக்கத் தொடங்கினால், மடியில் அந்தக் கை மறுபடியும் பிறாண்டத் தொடங்கிவிடும்.

அன்று காலை கடல் கண்ணாடிபோல் கிடந்தது. பல் டாக்டரும் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் வந்திருந்தார்கள். அந்த ஜோடிக்கு இரண்டு பேர் உட்காரும் நீளப் படகு. "இந்தப் படகுல ஏறி இறங்கின பிறகும் சேர்ந்திருந்தீங்கன்னா உங்க கல்யாணம் கெட்டிம்மா" என்று டாக்டர் அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

"உங்க பாவாடையைக் கொஞ்சம் மேல ஏத்திக் கட்டுங்க டாக்டர்" என்றாள் சின்னவள்.

"எங்க வீட்டம்மா இதைக் கேட்டா என் கதி என்ன?"

மூத்தவள் தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் மொட்டைப்பாறைக்கு அப்பால், கடலின் நிறம் ஒரு கோடு கிழித்த மாதிரி மாறியிருந்தது. கண் சரியாகத்தான் பார்க்கிறதா? கரைக்குப் பின்னால் செங்குத்தான மேடு. நிலத்திலிருந்து காற்று வீசினால் மேடு அதைத் தாங்கிக்கொள்ளும், கரையில் இலை அசையாது, தூரம் போனால்தான் முதுகில் அறையும். அந்த மாதிரிக் காற்றா இது? போன வாரமும் அவள் இதே கோட்டைப் பார்த்தாளே. அன்று ஒன்றுமே நடக்கவில்லையே. தினமும் வேண்டும் வேண்டும் என்று தேடினால் கண்ணுக்குக் கோடு தெரியாமலா போகும்?

இத்தனை நாள் பொய் சொன்னதில் அவள் கெடுத்துக்கொண்டது மற்றவர்களின் நம்பிக்கையை என்றுதான் நினைத்திருந்தாள். அதற்கு முன்னாலேயே வேறொன்று கெட்டுப்போயிருந்தது. உள்ளே இருந்து ஒரு குரல் 'போகாதே' என்றால் அது கடலைப் பார்த்துச் சொல்கிறதா, தன்னைப் பார்த்துச் சொல்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னிக்கு அகலம் வேண்டாம்" என்றாள். "உள்ளுக்குள்ளயே சுத்திட்டு வந்துடலாம்."

ஜோடியின் முகம் விழுந்தது. டாக்டர் "போன வருஷம் மழையில போகாம விட்ட கடனே பாக்கி இருக்கே" என்று முணுமுணுத்தார்.

சின்னவள் துடுப்பை மணலில் ஊன்றினாள். "அக்கா, ஒரு நிமிஷம்."

"என்ன?"

"கொஞ்சம் இப்படி வாங்களேன்."

"இங்கேயே சொல்லு."

"தட்டுல ஊத்தின பால் மாதிரி இருக்கு கடல். நேத்தும் இதே மாதிரிதான் இருந்தது. நேத்தும் வேண்டாம்னீங்க." அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "நான் ஏன்னு கேக்கல. கேக்கக்கூடாது, தெரியும். நான் கூட்டிட்டுப் போயிட்டு வரேன், நீங்க இன்னிக்கு ரெஸ்ட் எடுங்க. அவ்வளவுதான்."

சட்டம் அங்கேயே உடைந்தது. மூத்தவள் அவளைப் பார்த்தாள். சின்னவள் நேராக இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பதுபோலப் பேசினாலும் கண்ணில் எதிர்ப்பு இல்லை. இவள் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிற கண். ஒரு தடவை அழுத்தி 'வேண்டாம்' என்றால் நின்றிருப்பாள்.

ஆனால் அழுத்திச் சொல்ல உள்ளே பிடிமானம் வேண்டும். இது பயம்தான், எப்போதும்போல வெறும் பயம்தான், உன் பயத்தை அவள் தலையில் எத்தனை நாள் கட்டுவாய் என்று மூத்தவள் தன்னையே அதட்டிக்கொண்டாள். அதட்டியபோது நியாயமாக நடந்துகொள்கிற ஒரு நிம்மதிகூட வந்தது.

"சரி, போ" என்றாள்.

அவர்கள் படகுகள் சின்னத் தீவுகளுக்கு நடுவே போய் மறைந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லைஃப் ஜாக்கெட்டுகளை ஆணியில் மாட்டினாள், எடுத்தாள், மறுபடி மாட்டினாள். அப்புறம் வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று இந்தப் பருவத்தில் ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. பொய் சொல்கிறவள் எதற்குச் சரிபார்க்க வேண்டும்?

உச்சிக்கு வந்து கடல் பக்கம் திரும்பியதும் காற்று பிடரியில் அறைந்தது. கட்டியிருந்த முடி அவிழ்ந்து முகத்தை மூடியது. புல் எல்லாம் கடலைப் பார்த்துப் படுத்திருந்தது. முடியை ஒதுக்கிக்கொண்டு பார்த்தாள். மொட்டைப்பாறைக்கு அப்பால் நீர் கறுத்துச் சுருண்டு கிடந்தது. இன்னும் தள்ளி, வெளியே இழுக்கிற நீரோட்டமும் உள்ளே வருகிற அலையும் மோதிக்கொள்கிற இடத்தில், வெள்ளையாக ஏதோ எழுந்து எழுந்து விழுந்தது. இந்தப் பக்கம் மூன்று படகுகள். பாறையைத் தாண்டப் போகின்றன.

"திரும்பு" என்றாள் வாக்கி-டாக்கியில். "உடனே திரும்பு. கரையிலேருந்து காத்து அடிக்குது. பாறையைத் தாண்டினதும் உங்களை வெளியில தள்ளிடும்."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு சின்னவள் விருந்தாளிகளிடம் பேசும் இதமான குரலில் பேசினாள். "இங்க அருமையா இருக்குக்கா. நீங்க கவலைப்படாதீங்க. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடறேன்."

"நான் சொல்றதைக் கேளுடீ."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், பருவம் பூரா."

சிரிப்புச் சத்தம். சின்னவள் தோளில் மாட்டியிருந்த கருவியை ஒட்டித்தான் மற்றவர்களும் இருக்கிறார்கள். கீழே கொட்டகையிலும் ஒன்று எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும், புருஷன் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். இந்தக் கரையில் படகு விடுகிற எல்லோருக்கும் இதே அலைவரிசைதான்.

நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது, உண்மையைச் சொல்வது. வாரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியுமா என்று, அந்த நேரத்திலும், அவள் மனம் ஒரு சந்து தேடியது. அதை அவள் பிறகு எத்தனையோ நாள் நினைத்துக் கூசினாள்.

"இந்தப் பருவம் பூரா நான் சொன்னது பொய்" என்றாள். "காத்து நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் பயம். போன பருவத்துக் கடைசியில அகலத்துல கவுந்துட்டேன். பாவாடை வாரை உள்ள வச்சு மூடிட்டேன். நான்தான், நானே. வெளிய வர முடியல. அதுலேருந்து அகலம்னா உடம்பு நடுங்குது. அதை மறைக்கத்தான் தினம் காத்து காத்துன்னேன். இப்போ மேட்டு மேல நிக்கிறேன். இன்னிக்குக் காத்துதான். சத்தியமா காத்துதான்."

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் போன படகு பாறையின் மூலையைத் தாண்டியது. தாண்டியதும் அதன் மூக்கு ஒரு பக்கமாக வெட்டித் திரும்புவதை அவள் மேலிருந்து பார்த்தாள். வாக்கி-டாக்கியில் சின்னவளின் சத்தம் வந்தது. இப்போது அதில் இதம் இல்லை.

"எல்லாரும் திரும்புங்க. அப்படியே திரும்புங்க. டாக்டர், அந்தப் பக்கம் இல்ல, என்னைப் பாருங்க." பிறகு, "அக்கா, இந்த ரெண்டு பேரால முடியல, நான் கயிறு கட்டி இழுக்கறேன். டாக்டர் வெளியில போறார். எனக்கு இன்னொரு ஆள் வேணும்."

எப்படி இறங்கினாள் என்று தெரியாது. கீழே வந்தபோது புருஷன் அவள் படகைத் தண்ணீர் விளிம்புவரை இழுத்து வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் பசை.

"விசைப்படகுக்காரங்களைக் கூப்பிட்டிருக்கேன். வர நேரமாகும்கிறாங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள். அவர் குனிந்து படகைப் பிடித்தபடியே, "என்கிட்டகூடச் சொல்லலையே" என்றார்.

"இப்போ பேசற நேரமாங்க?"

"எதுதான் பேசற நேரம்?"

அவள் பாவாடையை இறுக்கினாள். அவர் வாரை எடுத்து வெளியே போட்டார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படகைத் தள்ளிவிட்டார்.

மொட்டைப்பாறை வரை மணல் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள், அடுத்தவர் உயிர் என்று வந்தால் தன் பயம் தானாகவே விலகி நிற்கும் என்று. விலகவில்லை. வயிற்றில் அப்படியே உட்கார்ந்திருந்தது, மடியில் கை பிறாண்டுகிற உணர்வு இருந்தது. காற்று பின்னாலிருந்து தள்ள, படகு வேண்டாத வேகத்தில் ஓடியது. பிடரியில் காற்று, வயிற்றில் பயம். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். இத்தனை மாதமும் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துத் தேடியிருக்கிறாள். அந்தக் கண்டுபிடிப்பில் அவளுக்கு எந்த ஆறுதலும் இல்லை. துடுப்புப் போட்டாள்.

டாக்டர் வெள்ளை நுரைக்குக் கொஞ்சம் முன்னால், துடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும், "எனக்கே பல் ஆடுதும்மா" என்றார். சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது.

"துடுப்பைத் தண்ணியில வைங்க டாக்டர். ஆமா, இப்படித்தான். நான் இழுக்கறேன், நீங்களும் போடணும். பின்னால திரும்பிப் பார்க்காதீங்க."

அவர் படகின் மூக்கில் கயிற்றை மாட்டினாள். காற்றுக்கு எதிரே ஒவ்வொரு தள்ளலும் இரண்டு ஆள் கனம் கனத்தது. மொட்டைப்பாறை கிட்டே வரவே மாட்டேன் என்று நின்றது. அவள் அழுதாள் என்று டாக்டர் பிறகு யாரிடமோ சொன்னாராம். அவளுக்கு நினைவில்லை. ஒரு வழியாகப் பாறையின் மறைவுக்குள் நுழைந்தபோது காற்று சட்டென்று நின்றது. அங்கே சின்னவள் அந்த ஜோடியின் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தாள். பையன் வாந்தி எடுத்திருந்தான். பெண் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சின்னவள் கயிற்றைச் சரிபார்த்துவிட்டுப் படகைக் கரைப் பக்கம் திருப்பினாள். எல்லோரும் கரையேறி, விருந்தாளிகள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் லைஃப் ஜாக்கெட்டுகளை வரிசையாகப் போட்டு, சின்னவள் ரப்பர் குழாயில் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூத்தவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"பயந்துட்டீங்க, சரி" என்றாள் சின்னவள், குழாயைப் பார்த்தபடி. "கவுந்தா யாருக்கும்தான் பயம் வரும். பொய் சொன்னீங்க. அதையும் நான் பொறுத்துப்பேன், நாள் ஆகும், ஆனா பொறுத்துப்பேன்." தண்ணீர் மண்ணில் குழி பறித்துக்கொண்டிருந்தது. "காலையில 'சரி, போ'ன்னீங்களே. அது எப்படிக்கா வாயில வந்தது?"

"காத்துன்னுதான் தோணிச்சு."

"தோணியுமா அனுப்பினீங்க?"

"தினமும்தான் தோணுது. அதான் நம்பல."

"யாரை?"

"என்னைத்தான்."

சின்னவள் குழாயைக் கீழே போட்டாள். அது பாம்புபோலத் துள்ளி இருவர் காலையும் நனைத்தது. "நான் கடலைப் பார்த்துப் போகலக்கா. உங்க மூஞ்சியைப் பார்த்துப் போனேன். எத்தனை வருஷமா அப்படித்தான் போறேன். நான் கயிறு கட்டும்போது அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. நான் அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருக்கலாமே."

'தெரியவில்லை' என்று முன்னால் போகிறவள் கரையில் நின்று சொல்வதா? அந்தச் சொல் தன்னிடம் இருந்ததே மூத்தவளுக்கு மறந்துபோயிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். அது தன்னைத் தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டுவதுபோலப் பட்டது. குனிந்து குழாயை மட்டும் மூடினாள்.

மறுநாள் அந்த ஜோடி ஊருக்குக் கிளம்பிவிட்டது. பல் டாக்டர் கிளம்பவில்லை. கண் சிவந்து, தோள்பட்டையில் பிளாஸ்திரியோடு கரைக்கு வந்து நின்றார். "இன்னிக்குக் கடலுக்குப் போகாம இருந்தா இனிமே வரவே மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்" என்றார். புதிதாக இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். நேற்றைய கதை அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. மூத்தவளைப் பார்ப்பதும் பார்க்காததுபோல் திரும்புவதுமாக இருந்தார்கள். புருஷன் கொட்டகை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றார்.

கடல் மறுபடியும் கண்ணாடிபோல் கிடந்தது. மூத்தவள் பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்றாள். வயிற்றில் அந்தப் பயம் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தாள்.

"அகலம் வேண்டாம்னு தோணுது."

சின்னவள் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். தள்ளிக் கூப்பிடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

"காத்தா, நீங்களா?"

யாரோ இருமலை அடக்கினார்கள். அந்தக் கேள்வியில் கேலி இருக்கிறதா என்று மூத்தவள் அவள் முகத்தில் தேடினாள். கேலி இல்லை. பிரியமும் இல்லை. வேலை இருந்தது. இனி ஒவ்வொரு காலையிலும் எல்லோர் எதிரிலும் இவள் இதைக் கேட்பாள், தான் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை இவள் நம்பலாம், நம்பாமலும் போகலாம் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் சுட்டது.

"தெரியல" என்றாள். "பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

"சரி, பாருங்க."

மூத்தவள் திரும்பி மேட்டை நோக்கி நடந்தாள். பாதி வழியில், பின்னால் மணல் நெரியும் சத்தம் கேட்டது. சின்னவள் வந்துகொண்டிருந்தாள், கொஞ்சம் இடைவெளி விட்டு, தானும் பார்த்துக்கொள்வதற்காக.